பின்பக்கத்து வெற்றுத்தாள்கள்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பத்திரிகை கிடக்கிறது. உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. 1974-இல் சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படித்த நாங்கள் ஏழு பேர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் மூன்றாவது இதழ் அது. 64 பக்கம். அந்தக் காலத்தில் நான் பார்த்த கையெழுத்துப் பத்திரிகைகள் பெரும்பாலானவற்றைப் போல அதற்கும் ஒரு பூவின் பெயர்.

தாள் சிவகாசியிலிருந்து வந்தது. எங்களில் ஒருவனுடைய சித்தப்பா அச்சாபீசில் கட்டிங் மெஷினில் நின்றார். காலண்டர் வெட்டிய மிச்சத்தை எடைக்கு வாங்கி வருவார். கட்டுக்குக் கட்டு அகலம் மாறும், அதனால் எங்கள் பத்திரிகையும் இதழுக்கு இதழ் உருவம் மாறும். எழுத்துக்குப் பிரில் மை, தலைப்புக்குச் சிவப்பு மை, படத்துக்கு இந்தியன் இங்க். எல்லாருடைய கதை கவிதைகளையும் ஒரே ஒருவன்தான் நகல் எடுப்பான், அவன் கையெழுத்து அப்படி. முழுப்பக்கப் படத்தின் மேல் மெல்லிய வெண்ணெய்த்தாள் ஒட்டுவோம். கோணி ஊசியால் முதுகைத் தைத்து, மைதாப் பசையால் அட்டை ஒட்டுவோம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. தீப்பெட்டி ஒட்டாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

கடைசி 8 பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவோம். மேலே ‘வாசகர் கருத்து’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஒருவர் கையில் இரண்டு நாள், பிறகு பட்டியலில் அடுத்த பெயர். சேவு தின்ற கையோடு தொடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம். அப்படியும் 17-ஆம் பக்கத்தில் ஓர் எண்ணெய் விரல் இருக்கிறது.

33 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு 2018-இல் ஓய்வுபெற்றேன். இந்தப் பழக்கத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எழுதுகிறவர்கள் அதிலிருந்து பின்னாளில் பெரிய ஆட்களானவர்களை மட்டும் பார்க்கிறார்கள். 1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏடு நடத்தியதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டு ஊர்களில் இப்படி நடந்தவை பல, அவற்றில் எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளராகவில்லை. மளிகைக்கடைக்கும் வயலுக்கும் அச்சாபீசுக்கும் போனார்கள். அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வழக்கம் பரவியதற்குக் காரணங்கள் உண்டு. 1928-இல் வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன் வீடுதோறும் படிக்கிற பழக்கத்தை உண்டாக்கியது. அதில் வந்த மாலியின் கோடுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு தலைமுறை படம் போடக் கற்றுக்கொண்டது. அடுத்த தலைமுறைக்குக் கோபுலு. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் அவர் போட்ட நகைச்சுவைப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்காத ஓவிய மாணவனை நான் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை. அதற்கும் முன்னால், 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார ஏட்டில் பாரதி கேலிச்சித்திரத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆசை இருந்தது, அச்சுக்குப் பணம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பணம் இருந்தவர்களுக்கும் காகிதம் கிடைக்கவில்லை.

சட்டமும் ஒரு காரணம். பத்திரிகைகளைப் பதிவு செய்யச் சொன்ன 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் கல்லச்சும் சைக்ளோஸ்டைலும்கூட அச்சு என்றே கணக்காக இருந்தது. கையால் எழுதுவது அதற்குள் வரவில்லை. மை காய்ந்த ஒற்றைப் பிரதியை அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பதினான்கு வயதில் எங்களுக்கு இருந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் பாதி விளங்கியது.

அந்தத் தைரியத்தைக் கவிதையில் நாங்கள் பயன்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1974 இதழில் ஒன்பது கவிதைகள். தமிழ்த்தாய் மூன்று, நிலா இரண்டு, பொங்கல், பாரதி, காமராசர், மழை. மழைக்கவிதையில் முல்லைக்கொடி வருகிறது. எங்கள் கரிசல் மண்ணில் முல்லைக்கொடியை யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் கம்பும், ஓடை ஓரத்தில் சீமைக்கருவேலமும்தான். தமிழய்யா நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவின் ஈற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பொறுமையாகக் கற்றுத்தந்தார், அந்தக் கற்றல் வீண்போகவில்லை. ஆனால் வாய்பாட்டுக்குள் எங்கள் வீட்டை எப்படி உட்காரவைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கவிதை என்றால் வீட்டை விட்டு வெளியே போய் எழுதுவது என்றே நினைத்திருந்தோம்.

1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ யாப்பில்லாத கவிதைக்கு இடம்தந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கோவையில் ‘வானம்பாடி’ 1971-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு இரண்டுமே வரவில்லை. வந்தவன் மாயாவி.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வெளிவரத் தொடங்கியது, முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அவன் பிறந்தது 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். இதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. அவன் மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும், அது தெரியும். சிவகாசி ஏன் படக்கதைக்கு ஊரானது என்று கேட்டால் தீப்பெட்டியில்தான் போய் முடியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குக் கல்லச்சு வேண்டும், கல்லச்சு வந்த பிறகு காலண்டர், அதன்பின் மற்றதெல்லாம். எங்களைக் குச்சி அடுக்கவைத்த ஊரும் எங்களுக்கு மாயாவியைக் கொடுத்த ஊரும் ஒன்றுதான்.

எங்கள் ஏழு பேரில் படம் போடுகிறவன் ஒருவன் இருந்தான். அவனை நண்பன் என்றே இங்கே சொல்கிறேன். மூன்றாவது இதழில் அவன் நான்கு பக்கத்துக்கு ஒரு படக்கதை போட்டான். மாயாவி எதிரிகளைத் துரத்திக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறான். மறைய வேண்டும், கரண்டைத் தொட வேண்டும். தெருத்தெருவாக ஓடுகிறான். எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. நண்பன் வீட்டில் அப்போது இணைப்பு கிடையாது, எங்கள் வீட்டிலும்தான். மறைய வழியில்லாமல் ஒரு குடிசைக்குள் நுழைகிறான். உள்ளே சிம்னி விளக்கின் முன்னால் ஓர் ஆச்சி தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் மாயாவி அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், சட்டத்தில் குச்சி அடுக்குகிறான். ஆச்சி கேட்கிறாள்: “ஏ ராசா, அந்த இரும்புக் கையி வெரசா அடுக்குமா?”

அதைப் படித்து எல்லாரும் சிரித்தோம். பின்பக்கத்து வெற்றுத்தாளில் பதினோரு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். ஒருவன் ‘பிரமாதம்’ என்கிறான். ஒரு பெண் ‘எங்க அம்மாச்சி மாதிரியே இருக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறாள். நான் எழுதியது இது: ‘படம் நன்று. ஆச்சியின் காது தொங்கிக் கிடக்கிறது, ஆனால் பாம்படம் வரைய மறந்துவிட்டான். அடுத்த முறை கவனிக்கவும்.’

அடுத்த முறை இல்லை. அந்த வருடத்தோடு நண்பன் படிப்பை விட்டான். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் சேர்ந்தான். நான் ஓவிய ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன்.

ஆசிரியராகச் சேர்ந்த 1985-இல் மாணவர்கள் கையில் படக்கதை பெருகியிருந்தது. முந்தைய ஒரே வருடத்தில் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டும் தொடங்கியிருந்தன. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பூந்தளிரும் அதே 1984-இல்தான் வந்தது. பிள்ளைகள் மாயாவியை விட்டு ஜேம்ஸ் பாண்டையும் கபீஷ் குரங்கையும் வரைந்தார்கள். கைவேகம் எங்களைவிட நன்றாக இருந்தது. நான் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டேன்: இவன் உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவான்? அந்தக் கேள்வியை நான் நண்பனிடமிருந்து எடுத்தேன். அதற்குப் பதிலாக வந்த படங்களில் திண்ணை வந்தது, பசைச்சட்டி வந்தது, பொழுது விடியுமுன்னே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது. எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள். எழுத்தில் பிழை வரும், பிழைக்கு அடி விழும் என்ற பயம். படத்தில் பிழை என்று ஒன்றை யாரும் காட்ட முடியாது. படத்தின் மேல் ஒரு கூடு வரைந்து அதற்குள் மூன்று சொல் எழுதலாம், அதற்கு எதுகை மோனை தேவையில்லை. கவிதைக்கு எங்கள் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பேச்சுமொழியை எழுதுவதற்கு அப்போது பெரிய துணையும் கிடைத்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்து 1982-இல் கொண்டுவந்திருந்தார். ‘வெரசா’ என்று எழுதலாமா சார் என்று ஒரு பையன் கேட்டபோது, புத்தகமே இருக்கிறதப்பா என்று சொல்ல முடிந்தது.

1988-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு வந்தாள். நான்கு கட்டத்திலும் படம் இல்லை, கட்டத்துக்கு ஒரு வரி. அம்மா சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து சோறு ஊட்டும்போது விரலில் மருந்து வாடை அடிக்கிறது என்பது முதல் கட்டம். தீக்குச்சித் தலையில் தோய்ப்பதற்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். கடைசிக் கட்டத்தில், காய்ச்சலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தும் அதே பெயர்தானே, பிறகு ஏன் அம்மா கை என்னை இரும வைக்கிறது என்று கேட்டிருந்தாள். தமிழய்யாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். யாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “தலைப்பு நீயே வையம்மா, நான் வைக்கக் கூடாது” என்றார்.

அதைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்தோம். அச்சுக்குப் போகும் முன் அது நீக்கப்பட்டது. ஆண்டு மலரின் செலவு விளம்பரத்தில் வருகிறது, விளம்பரம் தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து வருகிறது என்று எனக்கு விளக்கப்பட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன், அவள் தலையாட்டினாள். நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம், அவள் கவிதை முதல் பக்கத்தில் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலேயே வந்திருந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளிமார் கட்ட உத்தரவிட்டது. அதற்கு எட்டு வருடம் முன்னால் ஒரு பதினான்கு வயதுப் பெண் எழுதியதை 40 பேர் படித்தார்கள் என்பதற்கு அந்தப் பின்பக்கத்துக் கையெழுத்துகள் சாட்சி.

பிறகு பள்ளிக்குச் சைக்ளோஸ்டைல் வந்தது. வினாத்தாளுக்காக வாங்கியது. மெழுகுத்தாளில் ஊசிமுனையால் கீற வேண்டும். வட்டம் போட்டால் நடுத்துண்டு பெயர்ந்து விழுந்துவிடும். நிழல் தீட்ட முடியாது. அதனால் அந்த வருடங்களின் படக்கதைகளில் எல்லா முகமும் சதுரம், கண் ஒரு கோடு. தப்பாகக் கீறினால் சிவப்புத் திரவத்தைத் தடவி அடைப்போம், அறை முழுக்க நகப்பூச்சு வாடை. நூறு பிரதி எடுக்கலாம் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் பின்பக்கத்தில் வெற்றுத்தாள் வைக்க மறந்தோம். நூறு பேரும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். யாரும் பதில் எழுதவில்லை.

அடுத்தது ஜெராக்ஸ். அதில் நான் செய்த தவற்றை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா என்ற அமைப்பின் சரத் சர்மா போன்றவர்கள் பரப்பிய முறை ஒன்று உண்டு. கிராமத்து ஆட்களே தங்கள் கதையை நான்கு கட்டத்தில் வரைய வேண்டும். இரண்டு ஏ-4 தாளை ஒட்டினால் ஒரு சுவரொட்டி. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துத் தேநீர்க்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டலாம். செலவு மிகக் குறைவு. ஊர் தன்னைப்பற்றித் தானே பேசும். மிக நல்ல முறை, இன்றும் அதைத்தான் சொல்வேன். 2003-இல் அதைக் கற்றுக்கொண்டு வந்து எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் அப்பாவின் குடியைப் பற்றி வரைந்தான். முதல் கட்டத்தில் சம்பளக் கவர், கடைசிக் கட்டத்தில் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அருமையான கோடு. இருபது பிரதி எடுத்து ஊருக்குள் ஒட்டினோம். முகத்தில் யாருடைய சாயலும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அவன் தன் வீட்டுக் கதவை அப்படியே வரைந்திருந்தான், இடது பக்கம் பலகை பெயர்ந்த கதவு. ஊரில் எல்லாருக்கும் அந்தக் கதவு தெரியும்.

அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது முழங்கையில் கட்டு. நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இரவோடு இரவாக நானே போய்ச் சுவர்களில் இருந்ததைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தேன். பதினேழுதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தேன். எழுதி முடித்ததும் தாளின் மூலையில் எத்தனை பிரதி என்று எழுதியவரே குறிக்க வேண்டும். ஒன்று என்று குறித்தால் ஒன்றுதான். பூஜ்யம் என்றுகூடச் சிலர் எழுதினார்கள், அவற்றை நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையே மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களை 2022 முதல் நடத்துகிறது. பிள்ளைகளின் படைப்பும் அவற்றில் வருகிறது. வண்ணத்தில் தங்கள் பெயரைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு ஈடு கிடையாது. ஆனால் மூலையில் ‘1’ என்று குறித்த தாள்களில் இருந்தவை அங்கே வர முடியாதவை. என்னிடம் இன்னும் 200-க்கு மேல் இருக்கின்றன. திருப்பி வாங்க யாராவது வந்தால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் வந்திருக்கிறார்கள். கதவை வரைந்தவன் வரவில்லை.

2019-இல், ஓய்வுபெற்ற அடுத்த வருடம், பெட்டியை ஒழுங்குபண்ணும்போது 1974 இதழ் மேலே வந்தது. நண்பன் இருக்கும் இடம் தெரியும். சிவகாசியில் ஆப்செட் அச்சாபீசில் வேலை பார்த்து, கண் மங்கியதால் நிறுத்திக்கொண்டவன். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவன் தாளை முகர்ந்து பார்த்தான். மாயாவியைப் பார்த்து, கால் சூம்பிப்போச்சு, அப்ப எனக்குக் கால் வராது என்றான். கடைசிக் கட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் வைத்திருந்தான். பிறகு பின்பக்கத்தைப் புரட்டி ஒவ்வொரு கருத்தாகப் படித்தான். என்னுடையது வந்ததும் நின்றான்.

“நீயா எழுதினது?”

“ஆமாடே. பாம்படத்த மறந்துட்டியே.”

“மறக்கல,” என்றான். “அந்த வருசம் அது அடகுல கெடந்துச்சு.”